மீற்றரைப் பற்றிய மூன்று தப்பெண்ணங்கள்

மெற்றிக் அளவுமுறையை உலகுக்கு அளித்தவன் நெப்போலியன் என்று நம்புவோர் இன்றும் உளர். உண்மையில் அது விவசாயிகளின் மனக்குறையிலிருந்து பிறந்தது.

1789 ஆம் ஆண்டுப் புரட்சிக்கு முந்திய பிரான்சில் ஊருக்கு ஊர் அளவுகள் வேறுபட்டன. தானியமாகச் செலுத்தும் வரியை அளக்கும் மரக்கால் பல இடங்களில் நிலப்பிரபுவின் பொறுப்பிலேயே இருந்தது. மரக்கால் பெருத்தால் வரியும் பெருகும். ஆகவேதான் அவ்வாண்டு மன்னருக்கு அனுப்பப்பட்ட குறைமனுக்கள் பலவற்றில், அளவுகள் யாவர்க்கும் ஒன்றாக வேண்டும் என்ற கோரிக்கை ஒலித்தது.

மெற்றிக் சட்டம் 1795 இல் நிறைவேறியது. நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றியதோ 1799 இல். அவன் 1812 இல் பழைய பெயர் தாங்கிய அளவுகளைச் சில்லறை வியாபாரத்துக்கு மீண்டும் அனுமதித்தான். மெற்றிக் முறை பிரான்சில் முழுமையாகக் கட்டாயமானது, அவன் இறந்து பத்தொன்பது ஆண்டுகளின் பின், 1840 இல்தான்.

இரண்டாவது தப்பெண்ணம், மீற்றர் என்பது வடதுருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரையுள்ள தூரத்தின் கோடியில் ஒரு பங்கு என்பதாகும். நோக்கம் அதுவே. டெலாம்பர், மெஷேன் என்னும் வானியலாளர் இருவர் 1792 முதல் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் டன்கேர்க்கிலிருந்து பார்சிலோனா வரை அளந்தனர். ஆயினும் அவர்களது அளவீட்டிலிருந்து பெறப்பட்ட மீற்றர், நோக்கிய நீளத்திலும் சுமார் 0.2 மில்லிமீற்றர் குறுகியது. வழு தெரிந்த பின்னரும் அது மாற்றப்படவில்லை. பிற்காலத்தில் வரையறை மாறியபோதும் நீளம் பேணப்பட்டது. 1983 முதல், வெற்றிடத்தில் ஒளி ஒரு செக்கனின் 299,792,458 இல் ஒரு பங்கு நேரத்தில் செல்லும் தூரமே மீற்றர்.

மூன்றாவது, அமெரிக்கா இம்முறையை நிராகரித்த நாடு என்பது. அங்கு 1866 இலேயே மெற்றிக் அளவுகள் சட்டபூர்வமாயின. 1875 இல் பாரிசில் கைச்சாத்தான மீற்றர் உடன்படிக்கையில் அமெரிக்காவும் ஒப்பமிட்டது. 1893 முதல் அந்நாட்டின் யாரும் இறாத்தலும் மீற்றரையும் கிலோகிராமையும் கொண்டே வரையறுக்கப்படுகின்றன. 1959 இல் ஆங்கிலம் பேசும் ஆறு நாடுகள் ஒரு யார் 0.9144 மீற்றர் என இணங்கின. அடியால் அளக்கும் அமெரிக்கரும், தாம் அறியாமலே, மீற்றரால்தான் அளக்கின்றனர்.

மீற்றர் இயற்கையின் துல்லியமான பிரதி அன்று. மன்னன் இட்ட கட்டளையும் அன்று. கொடுப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் அளவு ஒன்றே என்ற உடன்பாடே அதன் பலம். அன்றைய பிரெஞ்சு விவசாயி கேட்டதும் அதைத்தான்.