ஆமை புகுந்த வீடும் ஆமை வராத கரையும்

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்பார்கள். அமீனா சரி. ஆமை என்ன பாவம் செய்தது? யோசித்துப் பார்த்தால், புகுந்தது யார் வீட்டுக்குள் யார்?

ராயபுரத்திலிருந்து எண்ணூர் விரைவுச் சாலையில் ஒருநாள் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். வலது பக்கம் கடல் தெரியும். கரை? திருவொற்றியூர் வரை பெரும்பாலும் கருங்கல்தான் கொட்டிக் கிடக்கும்.

இந்தக் கதை 1875ல் ஆரம்பிக்கிறது. அந்த வருஷம்தான் வேல்ஸ் இளவரசர் வந்து மதராஸ் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். நம் கடலோர மணல், வருஷத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். குறுக்கே துறைமுகச் சுவர் எழும்பியதும் மணல் தெற்கேயே தங்கிவிட்டது. மெரினா அகலமானது. வடக்கே? வரவு நின்றுபோச்சு, செலவு மட்டும் நிற்கவில்லை. குப்பங்களின் வீடுகளைக் கடல் தின்னத் தொடங்கியது. தடுக்கக் கல்லைக் கொட்டினார்கள். ஆமைக்கு வாசல் அடைபட்டது.

ஏனென்றால் ஆமைக்கு மணல் வேண்டும். பங்குனி ஆமை என்று மீனவர்கள் சொல்வார்களே, அது ஜனவரியிலிருந்து மார்ச் வரை ராத்திரி கரையேறும். ஒன்றரை அடிக்குக் குழி தோண்டி நூறு முட்டைக்கு மேல் இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் வெளிவரும். கல்லில் எங்கே குழி தோண்டுவது?

மணல் இருந்த இடத்திலும் நிம்மதி இல்லை. முட்டையை நாய் தின்றது, நரி தின்றது, மனிதனும் தின்றான். 1972ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1977ல் இந்த ஆமை அதன் முதல் அட்டவணையில் ஏறியது. சரி, ராத்திரி ரெண்டு மணிக்குச் சட்டமா வந்து மணலில் நடக்கும்?

நடந்தவர்கள் மனிதர்கள். 1970களில் ராமுலஸ் விட்டேக்கரின் பாம்புப் பண்ணை நண்பர்கள் நடந்தார்கள். அவர்களில் ஒருவரான சதீஷ் பாஸ்கர் பிறகு இந்தியக் கரை நெடுக நடந்தார். 1988ல் மாணவர்கள் ஓர் அமைப்பாகத் திரண்டு சென்னையின் தென்கரையில் முட்டைகளைத் தேடி எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்தார்கள். 2002ல் சுப்ரஜா தாரிணி 'ட்ரீ ஃபவுண்டேஷன்' தொடங்கி, மீனவக் குப்பத்து இளைஞர்களையே காவலர்களாக்கினார். காற்றும் மணல் தடமும் அவர்களுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்குத் தெரியும்? அதைவிட முக்கியம், 'எவனோ ஆமை' என்பது 'எங்க ஊர் ஆமை' ஆனது.

இப்போது மறுபடி வடசென்னைக்கு வாருங்கள். கல் கொட்டிய கரையில் முட்டை இல்லைதான். ஆனால் முட்டையிடப் போகும் தாயின் உயிர் இங்கே, காசிமேட்டிலிருந்து போகும் வலைகளில் இருக்கிறது. ஆமைக்கு நுரையீரல், மேலே வந்துதான் மூச்சுவிட வேண்டும். இழுவலை மணிக்கணக்கில் கடலுக்கடியில் ஓடும். உள்ளே சிக்கிய ஆமை மூச்சுத் திணறிச் செத்துப்போகும். 2025 ஜனவரியில் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. கண்கள் பிதுங்கியிருந்தன.

கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு வலையிழுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆமை மட்டும் வெளியேற, வலையில் பொருத்தும் கம்பிச் சட்டமும் இருக்கிறது. 'அந்த வாசல் வழியா என் மீனும் போயிடுமே சார்' என்பது மீனவரின் கவலை. டீசல் விலை தெரிந்தவர்கள் அதைக் கேலி செய்ய மாட்டார்கள். ஆனால் கணக்கின் மறுபக்கமும் உண்டு. ஆமைக்குப் பாதுகாப்பில்லை என்று 2018ல் அமெரிக்கா, இந்தியக் கடலில் பிடித்த இறாலை வாங்குவதை நிறுத்தியது. அந்த நஷ்டம் யாருக்கு?

தெற்கே ஓர் இளைஞர் ராத்திரியெல்லாம் விழித்து நூறு முட்டையைக் காப்பாற்றலாம். ஆயிரம் குஞ்சில் ஒன்று பிழைத்து வளர்ந்தாலே அதிர்ஷ்டம். அப்படி வளர்ந்த ஒன்று வடக்கே ஒரு வலையில் செத்தால், அத்தனை ராத்திரியும் வீண். அதனால் நீலாங்கரைக் குப்பத்தில் செய்ததைக் காசிமேட்டிலும் செய்தாக வேண்டும். அபராதத்தோடு வருவதற்கு முன்னால், மீனவரைக் கூட்டாளியாக்க வேண்டும். அந்தச் சட்டத்தால் தப்பிப்போகும் மீனுக்கு யார் பொறுப்பு என்று முதலில் அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

ஆமை புகுந்த வீடு எப்படியோ போகட்டும். ஆமை வராத கரை உருப்படுமா, சொல்லுங்கள்.