மிஞ்சிய விதையும் வயிற்றுப் பிள்ளையும்

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் நிகழ்த்திய உரை)



விதைப்பு முடிந்ததும் வீட்டு மூலையில் ஒரு கால் மூட்டை விதை மிஞ்சிக் கிடக்கும். சிவப்போ பச்சையோ, மருந்துச் சாயம் ஏறிய விதை. "காசு கொடுத்து வாங்கினது வீணாப் போகணுமா? நல்லாக் கழுவிட்டு அரைச்சுக்கலாமே" என்று வீட்டில் ஒரு பேச்சு எழும். இந்தப் பேச்சு ஒரு நாட்டை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். அந்த நாடு ஈராக். வருஷம் 1971.

பருவம் தப்பி வந்த விதை

அதற்கு முந்தின வருஷங்களில் அங்கே மழை பொய்த்து, விளைச்சல் படுத்துப் போயிருந்தது. ஆகவே ஈராக் அரசாங்கம் மெக்சிகோ நாட்டிலிருந்து உயர் விளைச்சல் கோதுமை விதையை வரவழைத்தது. சுமார் 73,000 டன் கோதுமை விதை வந்தது. அதோடு சுமார் 22,000 டன் பார்லி விதையும் வந்தது. எல்லாம் விதை நேர்த்தி செய்தவை. பூஞ்சாண நோய் வராமல் இருக்க அதில் மீத்தைல் பாதரசம் என்ற மருந்தைக் கலந்திருந்தார்கள். விதைக்கிறவனுக்கு அதனால் லாபந்தான். தின்கிறவனுக்கு அது எமன். இதே மருந்தை விதைக்குப் பயன்படுத்துவதை சுவீடன் நாடு 1966-லேயே தடை செய்துவிட்டது. ஈராக்கிலேயே 1956-லும் 1960-லும் பாதரச மருந்து கலந்த விதையைத் தின்று ஜனங்கள் மாண்டிருக்கிறார்கள்.

மூட்டைமேல் எச்சரிக்கை இல்லாமல் இல்லை. ஆனால் அது ஸ்பானிஷ் மொழியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அரபியும் குர்தியும் பேசுகிற குடியானவனுக்கு அதைப் படிக்கத் தெரியுமா? இன்னொன்றையும் கவனியுங்கள். பல ஊர்களுக்கு மூட்டை போய்ச் சேர்ந்தபோது விதைப்பு முடிந்துவிட்டது. குதிரில் பழைய தானியம் இல்லை. பசி நேரத்தில் வீடு நிறையக் கோதுமை வந்து இறங்கினால் என்ன செய்வார்கள்?

அவர்களும் யோசிக்காமல் தின்னவில்லை. சிலர் முதலில் கோழிக்குப் போட்டுப் பார்த்தார்கள். நாலைந்து நாளில் கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை. சிலர் கழுவிப் பார்த்தார்கள். சாயம் போய்விட்டது. சாயம் போனால் மருந்தும் போனது என்று நம்பினார்கள். சாயம்தான் போனது, பாதரசம் அப்படியே நின்றது. மாவாக அரைத்து ரொட்டி சுட்டார்கள். ரொட்டி ருசியாகத்தான் இருந்தது.

இந்த விஷத்தின் குணம் அப்படி. தின்ற அன்றைக்குக் காட்டாது, வாரக்கணக்கில் சும்மா இருக்கும். பிறகு கைகால் மரத்துப் போகும், நடை தள்ளாடும், பார்வை குறுகும், காது மந்தமாகும். 1971 டிசம்பரில் ஆஸ்பத்திரிகளுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரிக் கணக்குப்படி சேர்க்கப்பட்டவர்கள் 6,530 பேர், இறந்தவர்கள் 459 பேர். வீட்டிலேயே மாண்டவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

தொப்புள்கொடி சொன்ன சாட்சி

ரொட்டி தின்றவர்களில் கர்ப்பிணிகளும் இருந்தார்கள். அவர்கள் வயிற்றுப் பிள்ளை என்ன ஆயிற்று என்று கேட்பதற்கு முன், ஜப்பானுக்கு ஒரு நடை போய் வருவோம்.

அங்கே மினமாட்டா என்ற கடலோர ஊரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலைக் கழிவு கடலில் கலந்தது. அதிலும் இதே மீத்தைல் பாதரசம் இருந்தது. மீன் தின்றவர்களுக்கு நோய் வந்தது 1956-ல் வெளியே தெரிந்தது. அதே ஊரில் கைகால் முடங்கி, பேச்சு வராமல் பல குழந்தைகள் பிறந்தன. தாய்மார்களோ பெரும்பாலும் நடமாடிக்கொண்டுதான் இருந்தார்கள். விஷத்தைத் தாயின் உடம்பு தடுத்துவிடும், பிள்ளைக்கு விடாது என்று அக்காலத்து வைத்தியர்கள் எண்ணியிருந்தார்கள். அதனால் காரணம் தெரியாமல் தவித்தார்கள். கருவிலேயே பாதரசம் தாக்கியதுதான் காரணம் என்று 1962-ல் ஒப்புக்கொண்டார்கள்.

நம் பக்கத்தில் பிள்ளையின் தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்து வைப்பார்கள் அல்லவா? ஜப்பானியரும் அதைக் காயவைத்துச் சின்னப் பெட்டியில் வைத்துக் காப்பார்கள். ஹராடா மசசுமி என்ற டாக்டர் அந்தக் கொடித் துண்டுகளைச் சேகரித்துச் சோதிக்கச் செய்தார். பல வருஷம் கழித்தும் அவற்றில் பாதரசம் இருந்தது. கொடி வழியாகவே விஷம் போயிருக்கிறது! நாம் நஞ்சுக்கொடி என்று சொல்கிறோமே, அது நஞ்சைத் தடுக்கும் வேலி அல்ல என்பது அப்போதுதான் உலகத்துக்கு நன்றாக விளங்கியது.

ஈராக்கில் அதற்கும் மேலே அளந்து பார்த்தார்கள். பிறந்த குழந்தையின் ரத்தத்தில் தாயின் ரத்தத்தைவிடப் பாதரசம் கூடுதலாக இருந்தது. தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். உடம்பில் உள்ள பாதரசம் வளருகிற முடியில் பதிந்துவிடும். ஆகவே தாயின் கூந்தலைத் துண்டு துண்டாகச் சோதித்தால், எந்த மாதம் எவ்வளவு விஷம் உள்ளே போனது என்று கணக்குப் புத்தகம் போலப் படிக்கலாம். ஈராக் டாக்டர்களும் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து இப்படிப் பார்த்தார்கள். 1987-ல் வெளியான ஆய்வில் 81 தாய்களையும் பிள்ளைகளையும் கணக்கில் எடுத்தார்கள். தாயின் முடியில் பாதரசம் கூடக் கூட, ஒன்றரை வயதாகியும் நடக்காத, இரண்டு வயதாகியும் பேசாத பிள்ளைகள் கூடினார்கள்.

நாற்றங்காலில் விழுந்த அடி

பெரியவரைவிடக் கருவுக்கு ஏன் இவ்வளவு சேதம்? உங்களுக்குத் தெரிந்த வேலையை வைத்தே சொல்கிறேன். வளர்ந்த பயிரில் ஒரு மூலை கருகினால் அந்த மூலைதான் போகும். நாற்றங்காலிலேயே விஷம் பட்டால் வயல் முழுக்கப் பழுது. கரு வளரும்போது மூளையின் நுண்ணறைகள் ஓரிடத்தில் பிறந்து, இன்னோரிடத்துக்கு நகர்ந்து போய் வரிசையாக உட்கார வேண்டும், நாற்றைப் பிடுங்கி நடுவது போல. பாதரசம் அந்தப் பெருக்கத்தையும் நகர்வையும் கெடுக்கிறது. வரிசை தவறி உட்கார்ந்ததைப் பிறகு எந்த மருந்தும் திருத்தாது.

இதைக் கேட்டுவிட்டு, நடை தாமதமான பிள்ளைக்கெல்லாம் விஷம்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காரணங்கள் பல உண்டு, டாக்டரிடம் காட்டுங்கள். பெற்றவளைப் பழிக்கவும் வேண்டாம். ஈராக்கில் ரொட்டி சுட்ட தாய் தன் வீட்டார் பசியாறத்தான் சுட்டாள். படிக்க முடியாத எழுத்தை ஒட்டி, பருவம் தப்பி மூட்டையை இறக்கியவர்களே பதில் சொல்ல வேண்டியவர்கள்.

பாதரசத்தைக் கட்டுப்படுத்த மினமாட்டா பெயரிலேயே ஓர் உலக ஒப்பந்தம் 2017-ல் அமலுக்கு வந்தது. நம் நாட்டிலும் விதை நேர்த்திக்கு இருந்த மீத்தாக்சி எத்தில் மெர்க்குரி குளோரைடு என்ற பாதரச மருந்து 2018-ல் தடையானது. பாதரசம் போனாலும் இன்றைய விதை மருந்துகளும் தின்பதற்கானவை அல்ல. ஆகவே:

நேர்த்தி செய்த விதையைக் கழுவியும் தின்னாதீர்கள். மாட்டுக்கும் கோழிக்கும் போடாதீர்கள். அந்தச் சாக்கில் அரிசி பருப்பு கட்டாதீர்கள். மருந்து கலந்த பாத்திரம் அடுப்படிக்குப் போகக் கூடாது. கர்ப்பமான பெண்ணை மருந்து கலக்கவோ, தெளித்த வயலில் உடனே களை எடுக்கவோ அனுப்பாதீர்கள். மூட்டைமேல் இருக்கிற எழுத்து புரியவில்லை என்றால், விற்றவரிடம் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அந்த மூலை மூட்டையைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் எடுத்து வையுங்கள். அது என்ன மூட்டை என்று வீட்டுப் பெண்களிடமும் மறக்காமல் சொல்லுங்கள்.