வெப்பத்தைச் சுமந்த சக்கரம்



மழை பெய்து ஓய்ந்த ஒரு காலைப் பொழுதை எண்ணிப் பாருங்கள். செம்பனைக் குலைகளை ஏற்றிய லோரி ஒன்று செம்மண் மேட்டில் ஏறுகின்றது. பாதி வழியில் சக்கரம் வழுக்குகின்றது. ஓட்டுநர் இயந்திரத்தை முடுக்குகின்றார். கிளட்ச் மிதியை அரைகுறையாக விடுகின்றார், மீண்டும் மிதிக்கின்றார், மீண்டும் விடுகின்றார். லோரி நகரவில்லை. சற்று நேரத்தில் கருகிய நாற்றம் ஒன்று மூக்கைத் துளைக்கின்றது. "அண்ணே, கிளட்ச் கருகுது!" என்று பக்கத்தில் இருக்கும் இளைஞர் கூவுகின்றார்.

அந்த நாற்றம் நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். ஆனால் அந்த வெப்பம் எப்படிப் பிறக்கின்றது, எங்கே போகின்றது, அதை அடக்க மனிதன் நூறு ஆண்டுகளுக்கு மேலாக என்னவெல்லாம் செய்து பார்த்தான் என்பது பலருக்குத் தெரியாது. அந்த வரலாற்றைத்தான் இன்று பேசப் போகின்றோம்.

முதலில் பிளைவீல் என்றால் என்ன என்று பார்ப்போம். குயவர் தம் சக்கரத்தைக் கோலால் ஒரு முறை வேகமாகச் சுழற்றிவிட்டால், கையை எடுத்த பின்னும் அது நெடுநேரம் சுழல்கின்றது அல்லவா? சக்கரம் கனமாக இருப்பதால், வாங்கிய வேகத்தைத் தன்னுள் வைத்துக்கொண்டு சிறிது சிறிதாகச் செலவிடுகின்றது. மோட்டார் இயந்திரத்தின் பின்புறம் பொருத்தப்பட்டிருக்கும் கனத்த இரும்புச் சக்கரமும் அப்படித்தான். 1876ஆம் ஆண்டு ஜெர்மனியில் நிக்கொலாஸ் ஓட்டோ உருவாக்கிய நான்கடி இயந்திரத்தில், பிஸ்டனின் நான்கு ஓட்டங்களில் ஒன்றுதான் சக்தி தருவது. மற்ற மூன்று ஓட்டங்களுக்கும் இயந்திரத்தை இழுத்துச் செல்வது பிளைவீல்தான்.

இப்போது கிளட்ச்சுக்கு வருவோம். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கின்றது, வண்டியோ நின்றுகொண்டிருக்கின்றது. சுழலும் ஒன்றையும் நிற்கும் ஒன்றையும் திடீரென்று பிணைத்தால் வண்டி துள்ளி விழும், அல்லது இயந்திரம் நின்றுவிடும். ஆகவே இரண்டுக்கும் இடையே உராய்வுத் தட்டு ஒன்றை வைத்தார்கள். அது பிளைவீலின் மேல் முதலில் வழுக்கும். பிறகு மெல்ல மெல்லப் பற்றும். இறுதியில் இரண்டும் ஒன்றாய்ச் சுழலும். வழுக்குகின்ற அந்தச் சில நொடிகளில்தான் வெப்பம் பிறக்கின்றது. உள்ளங்கைகள் இரண்டையும் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள்; சூடு தெரியும். கிளட்ச்சில் நடப்பதும் அதுவே.

எவ்வளவு சூடு? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 கிலோ எடையுள்ள கார் சமதரையில் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தை அடையும்போது கிளட்ச் முழுவதும் பற்றிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். அதற்குள் ஏறத்தாழ 8,700 ஜூல் சக்தி வெப்பமாகின்றது. அவ்வளவும் 8 கிலோ இரும்புச் சக்கரத்துக்குள் போனாலும் அதன் சூடு இரண்டு, இரண்டரை டிகிரிதான் உயரும். இதில் கவலைப்பட ஒன்றுமில்லை.

ஆனால் அதே கார், ஆறடிக்கு ஓரடி உயரும் மேட்டில், பிரேக் பிடிக்காமல் கிளட்ச்சைப் பாதி பற்றவிட்டே நிற்கின்றது என்று வையுங்கள். அப்போது நாலாயிரம் வாட்டுக்கு மேற்பட்ட சக்தி இடைவிடாமல் வெப்பமாகிக்கொண்டிருக்கும். 1,000 வாட் துணி தேய்க்கும் பெட்டிகள் நான்கை ஒன்றாகச் சூடேற்றி, மூடிய இரும்புக் கூட்டுக்குள் வைத்ததற்கு அது சமம். ஒரு நிமிடத்தில் அங்குள்ள இரும்பு முழுவதும் சுமார் 50 டிகிரி சூடேறிவிடும். உரசுகின்ற மேற்பரப்போ அதைவிடப் பன்மடங்கு கொதிக்கும். கார் ஒன்றுக்கே இப்படியென்றால், பல டன் சுமையோடு மேட்டில் சிக்கிய லோரியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. நாம் முகர்ந்த நாற்றத்தின் கணக்கு இதுதான்.

நேயர்களே, இனி வரலாற்றுக்குள் நுழைவோம்.

1886ஆம் ஆண்டு கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர மோட்டார் வண்டியில், பெரிய பிளைவீல் ஒன்று படுக்கைவாட்டில் கிடந்தது. அதைக் கையால் சுழற்றித்தான் இயந்திரத்தைக் கிளப்புவார்கள். இன்று நாம் அறிந்த கிளட்ச் அதில் இல்லை. தோல் வாரைச் சும்மா சுழலும் கப்பியிலிருந்து தண்டோடு பிணைந்த கப்பிக்குத் தள்ளுவார்கள், வண்டி நகரும். 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் தம் இரு மகன்களோடு மான்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் நகருக்கு, 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தை இத்தகைய வண்டியில் கடந்தார். இறக்கங்களில் பிரேக்கின் மரக்கட்டைகள் தேய்ந்து போயின. அவர் மனம் தளரவில்லை. வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் சொல்லிக் கட்டைகளின் மேல் தோலை அடித்து வாங்கினார். உராயும் இடத்தில் அதற்கென்று ஒரு பொருளைப் பொருத்துவதற்கு அது ஒரு நல்ல முன்னோடி.

அடுத்து வந்த கார்கள் பலவற்றில் கூம்புக் கிளட்ச் இடம்பெற்றது. பிளைவீலின் உட்புறத்தைக் கூம்பு வடிவில் குடைந்திருப்பார்கள். தோல் போர்த்திய மற்றொரு கூம்பை ஒரு வில் அதற்குள் அழுத்தும். மிதித்தால் விலகும், விட்டால் பற்றும். எளிய அமைப்புதான். ஆனால் தோல் வெப்பத்தைக் கடத்தாது, தாங்கவும் தாங்காது. உலர்ந்தால் வெடுக்கென்று பற்றி வண்டியைக் குலுக்கும். எண்ணெய் பட்டால் வழுக்கும். அதிகம் வழுக்கினால் கருகும். அக்காலத்து ஓட்டுநர்கள் தோலுக்குக் கொழுப்பெண்ணெய் தடவிப் பதமாக வைத்திருப்பதையே ஒரு வேலையாகச் செய்தார்கள்.

இதற்கு இரண்டு வழிகளில் மாற்றுத் தேடினார்கள். ஒன்று, வெப்பத்தை எண்ணெயிடம் ஒப்படைப்பது. இங்கிலாந்தில் பேராசிரியர் ஹீல் ஷா, வரிவரியாய்ப் பள்ளம் அமைந்த பல உலோகத் தட்டுகளை எண்ணெயில் மூழ்கவைத்து ஒரு கிளட்ச் அமைத்தார். தட்டுகள் உரசும், எண்ணெய் சூட்டை வாங்கிக்கொள்ளும். 1908ஆம் ஆண்டு வெளிவந்த போர்ட் நிறுவனத்தின் மாடல் டி காரிலும் கிளட்ச் தட்டுகள் எண்ணெயிலேயே இயங்கின. அதன் பிளைவீலில் காந்தங்களைப் பொருத்தியிருந்தார்கள். அது சுழலும்போது தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரமும் பிறந்தது; அடியில் தேங்கிய எண்ணெயும் வாரி இறைக்கப்பட்டது. ஒரே சக்கரம் மூன்று வேலைகளைச் செய்தது.

இந்த வழி மறைந்துவிடவில்லை. 1958ஆம் ஆண்டு ஜப்பானில் பிறந்த ஹோண்டா சூப்பர் கப் மோட்டார் சைக்கிளையும், அதன் வழிவந்த கப்சாய் வண்டிகளையும் நாம் அறிவோம். கையால் கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்றுகின்றோமே, அந்தத் தானியங்கிக் கிளட்ச்சும் எண்ணெயில் நனைந்தே வேலை செய்கின்றது. எண்ணெயை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் கிளட்ச்சும் சேர்ந்து கெடுவது இதனால்தான்.

இரண்டாவது வழி, வெப்பத்தைத் தாங்கும் உராய்வுப் பொருளைத் தேடுவது. இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில் ஹெர்பர்ட் பிரூட் என்பவர், மலைச்சரிவில் இறங்கும் குதிரை வண்டிகளின் பிரேக்குக் கட்டைகளில் பழைய காலணித் தோலைப் பொருத்தியிருந்ததைக் கவனித்தார். 1897ஆம் ஆண்டு இதற்கென ஒரு தொழிலைத் தொடங்கினார். முதலில் பசை ஊட்டிய பருத்தி நாரைப் பயன்படுத்தினார். மோட்டார் வண்டிகளின் சூட்டில் பருத்தி கருகியது. பின்னர் அவர் கல்நார் என்னும் அஸ்பெஸ்டாஸுக்கு மாறினார். அது எரியாத நார், துணி போல நெய்யலாம், சூட்டுக்கு அஞ்சாது. 1920களில் ஒற்றைத் தட்டு உலர் கிளட்ச் பரவியபோது, அதன் இரு முகங்களிலும் கல்நார்ப் பூச்சே இடம்பெற்றது. கருகும் கிளட்ச்சுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்று உலகம் மகிழ்ந்தது.

ஆனால் நேயர்களே, அந்த மருந்துக்கு யாரோ ஒருவர் விலை கொடுத்துக்கொண்டிருந்தார்.

இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில், சிறு வயதிலேயே கல்நார் நூற்கும் ஆலைக்கு வேலைக்குச் சென்ற ஒரு பெண், 1924ஆம் ஆண்டு தம் 33ஆம் வயதில் இறந்தார். அவருடைய நுரையீரல் கல்நார்த் தூசியால் தழும்பேறிப் போயிருந்தது. வில்லியம் குக் என்ற மருத்துவர் அதை மருத்துவ இதழில் வெளியிட்டார். பின்னர் பிரிட்டிஷ் அரசு ஆராய்ந்தபோது, சோதிக்கப்பட்ட 363 கல்நார்த் தொழிலாளர்களில் நாலில் ஒருவருக்கு மேல் அந்நோய் இருந்தது தெரியவந்தது. 1930ஆம் ஆண்டு அறிக்கை வந்தது. 1931ஆம் ஆண்டு ஆலைகளில் தூசியைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. ஆனால் பட்டறையில் கிளட்ச்சைக் கழற்றித் தூசியை ஊதித் தள்ளிய கைகளை அந்தச் சட்டம் எண்ணவில்லை. புற்றுநோயையும் அது தரும் என்பது பின்னர் உறுதியாயிற்று. பிரிட்டன் நீலம், பழுப்பு ஆகிய கல்நார் வகைகளை 1985ஆம் ஆண்டிலும், வெள்ளைக் கல்நாரை 1999ஆம் ஆண்டிலும் தடை செய்தது. தீமை தெரிந்ததற்கும் தடை வந்ததற்கும் இடையே ஒரு தலைமுறைக்கு மேல், இரண்டு தலைமுறைக்கு மேல் கடந்துவிட்டது.

கல்நார் விலகியபின் கண்ணாடி இழை, செயற்கை நார், செம்புக் கம்பி ஆகியவற்றைப் பிசினோடு சேர்த்துப் பூச்சு செய்தார்கள். ஆனால் ஓர் உண்மை மாறவில்லை. உராய்வுப் பூச்சு எதுவானாலும் அது வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. பிறக்கும் சூட்டில் பெரும்பங்கை ஒரு புறம் பிளைவீலும், மறுபுறம் அழுத்தும் இரும்புத் தட்டுமே வாங்கிக்கொள்கின்றன. எனவே கிளட்ச்சைக் குளிர வைப்பது என்றால், அந்த இரும்பைச் சரியாக அமைப்பதுதான்.

பொறியாளர்கள் அதை எப்படிச் செய்தார்கள்? பெரும்பாலும் சாம்பல் வார்ப்பிரும்பைத் தேர்ந்தெடுத்தார்கள். அதனுள் இதழ் இதழாய் இருக்கும் கரித்துகள், சூட்டை மேற்பரப்பில் தங்கவிடாமல் உள்ளே இழுத்துச் செல்கின்றது. சக்கரத்துக்குப் போதிய கனம் வைத்தார்கள். கனம் கூடக் கூட ஒரே அளவு சூட்டுக்கு வெப்பநிலை குறைவாகவே உயரும். கிளட்ச் மூடியில் துளைகள் விட்டார்கள். சிலவற்றில் விசிறி இதழ்கள் போன்ற விளிம்புகளும் அமைத்தார்கள். சுழலும் வேகத்திலேயே காற்று புகுந்து வெளியேற அது உதவுகின்றது. பந்தயக் கார்களுக்கு இலேசான சக்கரம் வேண்டுமென்பதால் அலுமினியத்தால் செய்தார்கள். அலுமினியம் வெப்பத்தை வார்ப்பிரும்பைவிட விரைவாகக் கடத்தும். ஆனால் உராய்வைத் தாங்காது. ஆகவே உரசும் முகத்தில் மட்டும் எஃகு வளையம் பதித்தார்கள். ஆனால் சுமை இழுக்கும் லோரிக்கு அந்த இலேசு உதவாது. மெல்லப் புறப்படவும் சூட்டை ஏற்கவும் அதற்குக் கனத்த சக்கரமே துணை.

இந்த வரலாறு நமக்குச் சொல்வது என்ன? வெப்பம் மறைந்து போவதில்லை. யாராவது அல்லது எதுவாவது அதைச் சுமக்க வேண்டும். தோல் சுமக்க முடியாமல் கருகியது. எண்ணெய் சுமந்தது. கல்நார் சுமந்தது, ஆனால் அதன் துன்பத்தைத் தொழிலாளியின் நெஞ்சில் இறக்கி வைத்தது. இறுதியில் இரும்புச் சக்கரமே அந்தச் சுமையை ஏற்க வேண்டியதாயிற்று. அந்தச் சக்கரத்துக்கு நாமும் உதவலாம்.

வண்டி ஓட்டுகின்றவர்கள் மேட்டில் நிற்கும்போது கைப்பிரேக்கைப் பயன்படுத்துங்கள். கிளட்ச்சால் வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள். ஓடும்போது மிதியின் மேல் காலை வைத்திருக்காதீர்கள். நாற்றம் வந்தால் மீண்டும் மீண்டும் முயலாமல், வண்டியை ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். கிளட்ச் மாற்றும்போது பிளைவீலின் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நீலம் பாய்ந்த திட்டுகளும் மயிரிழை வெடிப்புகளும் அது பட்ட சூட்டின் அடையாளங்கள். கடைசல் பிடித்துச் சரிசெய்யலாம். ஆனால் அளவுக்கு மேல் மெலிந்த சக்கரம் சூட்டையும் தாங்காது, வேகத்தையும் தாங்காது.

பட்டறையில் வேலை கற்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பழைய வண்டியின் கிளட்ச்சிலோ பிரேக்கிலோ இருக்கும் தூசியில் கல்நார் இருக்கின்றதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியாது. அதைக் காற்றுக்குழாயால் ஊதாதீர்கள், வாயாலும் ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். அந்த வேலை உடையோடு வீட்டுக்குச் சென்று குழந்தைகளைத் தூக்காதீர்கள்; அதை மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கவும் வேண்டாம். கல்நார் ஆலைத் தொழிலாளர்களின் துணிகளைத் துவைத்த மனைவியரும் நோயுற்றார்கள் என்பதை மருத்துவ வரலாறு பதிந்து வைத்திருக்கின்றது. இன்று உள்ளே போன தூசி இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்தே தன் வேலையைக் காட்டும்.

அடுத்த முறை மேட்டில் லோரி திணறி, அந்தக் கருகிய நாற்றம் வரும்போது, உள்ளே ஓர் இரும்புச் சக்கரம் நமக்காகச் சூட்டைச் சுமந்துகொண்டிருக்கின்றது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்; அதற்குச் சற்றே ஓய்வு கொடுங்கள்.