கணக்கு யார் பெயரில், சாவி யார் கையில்?

தமிழில் 'கணக்கு' என்ற சொல் பல வேலை பார்க்கிறது. பள்ளிக்கூடத்துக் கணக்கு, கடைக் கணக்கு, 'அவனுக்கும் எனக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கு' என்கிறபோது வரும் கணக்கு. கணினிக்குள் ஒருவருக்குப் பெயரும் இடமும் கொடுத்து, இன்னின்னது செய்யலாம் என்று வரையறுப்பதையும் கணக்கு என்றே சொல்கிறோம். அலுவலகத்தில் அறிக்கை தயாரிக்கும் மென்பொருளை நிறுவுகிறவர் முதல் நாளே இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆவணங்கள் எங்கே தங்கும்? யார் யாருக்குக் கணக்கு? இது எஞ்சினியர் பார்த்துக்கொள்கிற சமாச்சாரம் என்று ஒதுங்கிவிடுவதே நம் வழக்கம். ஆனால் ஆவணம் தங்கும் இடத்தை ஆள்கிறவருக்கும் அதைப் பார்க்க மட்டும் அனுமதி பெற்றவருக்கும் இடையிலுள்ள தூரம் ஓர் அரசியல் தூரம். அந்தத் தூரம் கணினிக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்பதே இங்கு பேச்சு.

ஆவணக் காப்பகம் குறித்து 1994இல் லண்டனில் ஆற்றிய உரையில் தெரிதா 'ஆர்கெயோன்' என்ற கிரேக்கச் சொல்லை எடுத்துப் பேசுகிறார். அது முதலில் ஒரு வீட்டைக் குறித்தது. ஆள்வோரான ஆர்க்கோன்களின் வீடு. ஆவணங்கள் அங்கே வைக்கப்பட்டன. அவற்றைக் காக்கும் பொறுப்பு, பொருள் சொல்லும் அதிகாரம் இரண்டும் வீட்டுக்காரருடையவை. இதைத் தெரிந்துகொள்ள நாம் கிரேக்கம்வரை போக வேண்டியதில்லை. ஊர்க் கணக்கு கர்ணம் வீட்டுப் பெட்டியில் கிடந்த காலத்தைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பரம்பரையாக வந்த கிராம அதிகாரிப் பதவிகளைத் தமிழக அரசு 1980 நவம்பரில் ஒழித்தது. அதுவரை பல ஊர்களில் 'இந்த நிலம் யார் பேர்ல இருக்கு?' என்ற கேள்விக்கு ஒரு குடும்பத்தின் திண்ணையில்தான் பதில் கிடைத்தது.

1

கணினிக்குள் இந்த வீடு கட்டப்பட்டது 1960களின் தொடக்கத்தில். 1961 நவம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கொர்பாட்டோவும் தோழர்களும் சி.டி.எஸ்.எஸ். என்ற முறையை இயக்கிக் காட்டினார்கள். ஒரே எந்திரத்தைப் பலர் ஒரே சமயத்தில் தனித்தனி முனையங்களிலிருந்து பயன்படுத்தும் ஏற்பாடு அது. எந்திர நேரம் விலை அதிகம், பங்கிட்டுத்தான் கொடுக்க வேண்டும். எல்லோருடைய கோப்புகளும் பொதுச் சேமிப்பில் இருந்ததால் அவற்றைப் பிரித்துவைக்கவும் வேண்டும். பாஸ்வேர்டோடு கூடிய பயனர் கணக்கு இந்த இரண்டு தேவைகளிலிருந்து பிறந்தது: ரேஷன் கார்டும் பெட்டிப் பூட்டும் சேர்ந்த ஒன்று.

பூட்டு சீக்கிரமே திறந்துகொண்டது. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள், அது அவருக்குப் போதவில்லை. 1962இல் பாஸ்வேர்டுக் கோப்பை அச்சிட்டுத் தரும்படி ஒரு துளையட்டையில் கோரிக்கை கொடுத்தார். வெள்ளி இரவு கொடுத்தது, சனிக்கிழமை காலை அச்சாகிக் காத்திருந்தது. எல்லோருடைய ரகசியங்களும் ஏதோ ஓரிடத்தில் சேமித்த இன்னோர் ஆவணம்தானே! இடத்தின் பெயர் தெரிந்தால் போதும்.

1960களின் நடுவில் நடந்த இன்னொன்றைக் கொர்பாட்டோவே பிற்காலத்தில் தன் டூரிங் விருது உரையில் சொன்னார். ஒருநாள் எம்.ஐ.டி.யில் உள்ளே நுழைந்த ஒவ்வொருவரின் முனையத்திலும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய பாஸ்வேர்டுகளும் அச்சாகி வந்தன. நிர்வாகிகளின் கோப்புகளுக்குப் பொதுவாக ஒரே அடைவு. அங்கே ஒரு சமயத்தில் ஒருவர்தான் வேலை செய்வார் என்று எண்ணி, திருத்தும் நிரல் தன் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரை வைத்தது. இருவர் ஒன்றாக உட்கார்ந்தார்கள், ஒருவர் அறிவிப்பையும் மற்றவர் பாஸ்வேர்டுக் கோப்பையும் திருத்த. கோப்புகள் இடம் மாறிப் போயின. திருடன் யாருமில்லை. சேமிக்கும் இடத்தை வகுத்ததில் இருந்த பிழை எல்லோருடைய கணக்கையும் தெருவில் போட்டுவிட்டது. இடமும் கணக்கும் ஒரே பிரச்சினையின் இரு முகங்கள்.

1965இல் தொடங்கிய மல்டிக்ஸ் இதற்கு விடை தேடியது. அடைவுக்குள் அடைவு, ஒவ்வொரு கோப்புக்கும் 'இவர் படிக்கலாம், இவர் எழுதலாம்' என்ற பட்டியல். அதன் தாக்கத்தில் 1969இல் பிறந்த யூனிக்ஸில் இது சுருங்கி உரியவர், குழு, மற்றவர் என்ற மூன்று வரிசைகளாக நின்றது. இவை எதற்கும் கட்டுப்படாத ஒரு கணக்கும் உண்டு: 'ரூட்'. எந்தக் கோப்பையும் திறக்கலாம், எந்தப் பட்டியலையும் மாற்றலாம். வீட்டுக்காரர் திரும்ப வந்துவிட்டார்.

இதை எதிர்க்காமலும் இல்லை. அதே எம்.ஐ.டி.யின் செயற்கை அறிவுக் கூடத்தில் ஐ.டி.எஸ். என்ற முறை பாஸ்வேர்டே இல்லாமல் ஓடியது. பக்கத்துக் கூடம் 1977இல் பாஸ்வேர்டு கொண்டுவந்தபோது ரிச்சர்ட் ஸ்டால்மன் அவற்றை உடைத்து, 'உங்கள் பாஸ்வேர்டு இது, இதை வெறுமையாக மாற்றிவிடுங்கள்' என்று அவரவருக்கே செய்தி அனுப்பினார். ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டார்கள், கடைசியில் பாஸ்வேர்டு வென்றது. ஆய்வுக்கூடத்துச் சகாக்களுக்குப் பூட்டில்லா வீடு இனிக்கும். கூலி விவரமும் நோய் விவரமும் உள்ளே இருக்கிறவர்களுக்கு அது பாதுகாப்பில்லை. ஆகவே பூட்டு வேண்டுமா வேண்டாமா என்பதில் விவாதத்தை நிறுத்துவது பயனற்றது.

2

அறிக்கைக்கு வருவோம். ஐ.பி.எம். 1959இல் 1401 எந்திரத்துக்காக ஆர்.பி.ஜி. என்ற அறிக்கை ஆக்கும் நிரலைக் கொண்டுவந்தது. அட்டைகளைக் கொடுத்தால் அச்சடித்த அறிக்கை வரும், அது மேலாளர் மேசைக்குப் போகும். காகித அறிக்கைக்கு ஒரு குணம் உண்டு: கைமாறும். ப்யூன் படிக்கலாம், சங்கத்துக்காரர் நகலெடுக்கலாம். 2004இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் போன்ற மென்பொருள்களில் அறிக்கை சர்வரில் உள்ள ஃபோல்டரிலேயே தங்கிவிடுகிறது. பார்க்கிறவர், பதிப்பிக்கிறவர், உள்ளடக்கத்தை நிர்வகிக்கிறவர் என்று பாத்திரங்கள் பிரித்திருக்கின்றன. ஃபோல்டருக்குக் கொடுத்த அனுமதி, தனியாக மாற்றாதவரை, உள்ளே இருப்பவற்றுக்கெல்லாம் வாரிசாக இறங்கும். கர்ணம் பதவி போல.

யாரைப் பற்றி அறிக்கையோ அவருக்கு இந்தப் பாத்திரங்களில் எது? பெரும்பாலும் எதுவுமில்லை.

3

இந்தக் கேள்வியை இந்தியாவில் உரக்கக் கேட்டவர்கள் ராஜஸ்தானின் கூலித் தொழிலாளர்கள். அவர்களுக்கு முன்னால் இருந்தது கணினியல்ல, மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேடு. 1990இல் உருவான மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் 1994 டிசம்பரில் கோட் கிரானாவில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. பதிவேடுகளை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். வேலைக்கே வராதவர் பெயரில் கூலி, முடியாத கட்டடம் முடிந்ததாகப் பதிவு. 1996இல் பேவாரில் 40 நாள் தர்ணா. 'நம் பணம், நம் கணக்கு' என்பது அவர்கள் முழக்கம். அந்தக் 'கணக்கு', இந்தியில் 'ஹிசாப்', நாம் பேசிவரும் கணக்கேதான். இந்த வழியில்தான் 2005இல் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் ஊரக வேலை உறுதிச் சட்டமும் வந்தது.

வேலை உறுதித் திட்டத்தின் பதிவேடு கணினிக்கு ஏறியது. வேலை அட்டை, மஸ்டர் ரோல், கூலி எல்லாம் யாரும் லாகின் இல்லாமல் பார்க்கத்தக்க அறிக்கைகளாயின. இது சாதாரண வெற்றியல்ல. அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடந்ததை வெளியே கொண்டுவந்த வெற்றி.

ஆனால் அங்கே கிடைத்தது படிக்கும் உரிமை. எழுதும் உரிமை லாகின் உள்ளவரிடம் இருந்தது. வேலை கேட்டவரின் கோரிக்கையைப் பெரும்பாலும் ஒன்றிய அலுவலகத்தில் இன்னொருவர்தான் பதிந்தார். பதியாவிட்டால் அறிக்கையைப் பொறுத்தவரை அவர் வேலையே கேட்கவில்லை. 'நான் கேட்டேன், எழுதலை' என்பதற்கு அறிக்கையில் கட்டமே கிடையாது.

மூன்றாவதாக ஒரு உரிமை இருக்கிறது: எதை எண்ணுவது என்று தீர்மானிப்பது. கூலி 15 நாளில் வராவிட்டால் இழப்பீடு என்றது சட்டம். மென்பொருளோ நிதி மாற்ற ஆணை உருவாகும் வரையிலான தாமதத்தை மட்டுமே கணக்கிட்டது. அதற்கப்புறம், பணம் மத்திய அரசிடமிருந்து தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கு வரும் வரையிலான தாமதம் அறிக்கையில் இல்லை. மேலே உட்கார்ந்து பார்த்தவருக்குக் கூலி பெரும்பாலும் நேரத்தில் போனது, கீழே இருந்தவருக்கு வரவில்லை. இந்தப் பிரிவினையை உச்ச நீதிமன்றம் 2018 மே மாதத் தீர்ப்பில் ஏற்கவில்லை. பொய்க் கணக்கு எழுத யாரும் பேனா எடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எந்தத் தேதியை எந்தத் தேதியிலிருந்து கழிப்பது என்ற ஒரு வரியில் லட்சக்கணக்கானவர்களின் காத்திருப்பு மறைந்தது. கோட் கிரானாவில் கள்ளப் பெயரைக் கண்டுபிடிக்க உரக்கப் படித்தால் போதுமாயிருந்தது. இங்கே படிக்கும் பக்கத்தில் அந்தக் காத்திருப்பே கிடையாது.

'எல்லாம் ஆன்லைன்ல இருக்கே, பாத்துக்கோங்க' என்ற பதிலோடு நம் தோழர்கள் பலர் அலுவலகங்களிலிருந்து திரும்பி வருகிறார்கள். அந்தப் பதிலுக்குப் பிறகுதான் கேட்க வேண்டியவை தொடங்குகின்றன. இந்தப் பதிவை யார் கணக்கிலிருந்து, எந்தத் தேதியில் மாற்றினார்கள் என்ற தடம் எங்கே? பதியப்படாத கோரிக்கையைத் தொழிலாளி தானே பதிய வழி என்ன? அறிக்கையின் ஒவ்வொரு பத்திக்குமான இலக்கணம் யார் கையெழுத்தில் இருக்கிறது, அதன் நகல் கிடைக்குமா? மக்கள் விசாரணைப் பந்தலில் மஸ்டர் ரோலோடு இந்த மூன்று விடைகளையும் சேர்த்து உரக்கப் படிக்க வேண்டும்.