எசமான் இறந்த பின்: அமெரிக்கத் தென் மாநிலங்களில் பாகப்பிரிவினை

குடும்பத்தில் பெரியவர் ஒருவர் கண்ணை மூடிவிட்டால், காரியம் முடிந்த கையோடு பங்கு பிரிக்கும் பேச்சு எழுவது எங்கும் உள்ளதுதான். நிலம் யாருக்கு, வீடு யாருக்கு, மாடு கன்று யாருக்கு என்று கேட்பார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில், 1865-ஆம் ஆண்டில் அடிமை முறை ஒழியும் வரையில், அந்தப் பட்டியலில் மனிதர்களும் சேர்ந்திருந்தார்கள். அங்கே பாகப்பிரிவினை எவ்வாறு நடந்தது என்பதை இன்று பார்ப்போம்.

அடிமை முறை என்றதும் நூற்றுக்கணக்கானோர் வேலை செய்த பெரிய பருத்தித் தோட்டங்களே நம் கண்முன் வரும். அவையும் இருந்தன. ஆனால் 1860-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஏறக்குறைய 40 இலட்சம் அடிமைகளுக்குச் சொந்தக்காரர்கள் 4 இலட்சத்துக்கும் குறைவானவர்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் இருந்தவர்கள் ஐந்துக்கும் குறைவு. நடுத்தர விவசாயிதான் மிகுதி. அவனுடைய நிலம் புகையிலை போட்டுப் போட்டுச் சாரம் இழந்துபோகும். அடிமைகளின் விலையோ ஏறிக்கொண்டே போகும். பிள்ளைகளுக்கு அவன் விட்டுச் செல்லும் சொத்தில் பெரும்பகுதி அந்த உயிர்களாகவே இருந்தது.

இங்கிலாந்தில் பழைய வழக்கப்படி நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே போகும். அது அநியாயம் என்று வாதாடியவர் தாமஸ் ஜெபர்சன். வர்ஜீனியா மாநிலம் 1785-இல் அந்த வழக்கத்தைச் சட்டத்தால் நீக்கியது. உயில் இல்லாவிட்டால் மகன், மகள் எல்லாருக்கும் சமபங்கு என்றாயிற்று. நல்ல சட்டம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒன்பது அடிமைகளை மூன்று பிள்ளைகளுக்கு விலை மதிப்புக் குறையாமல் பிரித்துப் பாருங்கள். தாய் ஒருவர் பங்கில் விழுவாள். மகன் இன்னொருவர் பங்கில் விழுவான். எசமான் வீட்டுப் பிள்ளைகளுக்குள் மனத்தாங்கல் வராமல் இருக்க, அடிமையின் குடும்பம் துண்டாக வேண்டியிருந்தது.

கடன் இருந்தாலோ, பங்குக்கு முன்னே ஏலம். ஜெபர்சனே 1826-இல் பெருங்கடனோடு இறந்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில் அவருடைய மாண்டிசெல்லோ பண்ணையில் 130 அடிமைகள் விற்பனைக்கு நிறுத்தப்பட்டார்கள்.

இன்னொரு சட்டத்தையும் சொல்ல வேண்டும். பிள்ளை தாயின் நிலையையே அடையும் என்று வர்ஜீனியா 1662-லேயே விதித்தது. தாய் அடிமையானால், தகப்பன் எசமானாகவே இருந்தாலும் பிள்ளை அடிமைதான். ஆகவே மகளுக்கு ஓர் அடிமைப் பெண்ணைச் சீதனமாகக் கொடுத்தவர்கள், இனி அவளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தார்கள். கருவில் இல்லாத குழந்தைக்கும் சொந்தக்காரர் உண்டு!

இப்படி ஒரு பாகப்பிரிவினையில் நின்ற ஒரு சிறுவன், பிற்காலத்தில் அதை எழுதி வைத்தார். அவர் பெயர் பிரடெரிக் டக்ளஸ். மேரிலாந்து மாநிலத்தில் பிறந்தவர். அவருடைய எசமான் ஏரன் அந்தோணி ஒரு பெரிய முதலாளியின் தோட்டங்களை மேற்பார்வை செய்தவர். கங்காணிகளுக்கெல்லாம் மேலே இருந்தவர். சொந்தத்தில் இரண்டு மூன்று பண்ணைகளும் முப்பது அடிமைகள் வரையும் இருந்தார்கள். டக்ளசின் தந்தை அந்த எசமான்தான் என்று சுற்றிலும் பேசிக்கொண்டார்களாம். உண்மை உறுதிப்படவில்லை. உண்மையாக இருந்திருந்தாலும், அந்தப் பிள்ளை பங்கு கேட்கும் வரிசையில் நின்றிருக்க முடியாது. பங்கு போடும் பொருள்களின் வரிசையில்தான் நின்றிருக்கும்.

அந்தோணி 1826-இல் உயில் எழுதாமல் இறந்தார். பால்டிமோர் நகரத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு விடப்பட்டிருந்த சிறுவன் பிரடெரிக்கை, சொத்து மதிப்பீட்டுக்காகத் திரும்ப அழைத்து வந்தார்கள். கிழவர், குழந்தை, கணவன், மனைவி எல்லாரையும் குதிரை, ஆடு, பன்றிகளோடு நிறுத்தி விலை போட்டார்கள். எந்தப் பிள்ளை கைக்குப் போகிறோம் என்பதே அங்கு நின்றவர்களின் பயம். மகன் ஆண்ட்ரூ குடிகாரன், கொடியவன். சில நாட்களுக்கு முன்புதான் பிரடெரிக்கோடு உடன்பிறந்த ஒருவனைக் கீழே தள்ளித் தலையில் மிதித்திருந்தான். யாரிடம் போக விருப்பம் என்று அடிமையை எவரும் கேட்கவில்லை.

பிரடெரிக் மகள் லுக்ரீஷியாவின் பங்கில் விழுந்தான். சுமார் ஒரு மாதத்தில் பால்டிமோருக்கே திரும்பினான். அந்த ஒரு மாதம் ஆறு மாதம்போல இருந்ததாக எழுதுகிறார். லுக்ரீஷியாவும் விரைவில் இறந்துபோக, அவள் பங்கு கணவன் தாமஸ் ஆல்டுக்குப் போயிற்று. அடிமைகளோடு வளராத அந்தக் கப்பல்காரர் கலியாணத்தினால் எசமான் ஆனார். அக்காள் சாரா பின்னாளில் தொலைதூர மிசிசிப்பிக்கு விற்கப்பட்டாள். பேரப்பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பாட்டி பெட்சி ஆண்ட்ரூவின் பங்குக்குப் போனாள்.

டக்ளஸ் 1838-இல் தப்பி வடக்கே சென்றார். 1845-இல் தம் வாழ்க்கையை நூலாக எழுதியபோது, முதுமையில் பாட்டியைக் காட்டுக் குடிசையில் தனியே விட்டுவிட்டார்கள் என்று மனம் கொதித்து எழுதினார். ஆல்டு அவளை அழைத்து வந்து வைத்துக்கொண்டார் என்று பிறகு அறிந்ததும், 1849-இலேயே அதைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். பெரிய மனம் வேண்டும் அதற்கு.

1877-இல் டக்ளஸ் வாஷிங்டனில் மத்திய அரசின் மார்ஷல் பதவியில் இருந்தார். எண்பது வயதைக் கடந்து மரணப் படுக்கையில் கிடந்த ஆல்டைப் பார்க்கப் போனார். பாட்டியைப் பற்றித் தாம் தவறாக எழுதியதைச் சொன்னார். உன் பாட்டிக்கு நான் ஒருநாளும் சொந்தக்காரன் அல்லன், பங்கு பிரித்தபோது அவள் மைத்துனன் ஆண்ட்ரூவுக்குப் போனாள், நான்தான் அழைத்து வந்து கடைசிவரை பார்த்துக்கொண்டேன் என்று கிழவர் விளக்கினார். ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அந்தப் பங்குக் கணக்கு அவர் நினைவில் இருந்தது. டக்ளஸ் இன்னொன்றும் கேட்டார்: தாம் பிறந்தது எப்போது? பெரும்பாலான அடிமைகளைப்போல் அவருக்கும் அது தெரியாது. 1818 பிப்ரவரியாக இருக்கலாம் என்றார் ஆல்டு.