நீதிமன்றச் சொற்கள் வந்த வழி

அன்றாடப் பேச்சில் ஒரு சொல் சற்றே பிறழ்ந்தாலும் கேட்பவர் பொருளை ஊகித்துக்கொள்வார். நீதிமன்றத்தில் அவ்வாறு இயலாது. அங்கு ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்வதால் ஒருவர் தம் விடுதலையையே இழக்க நேரலாம். சிங்கப்பூர் நீதிமன்றங்களின் மொழி ஆங்கிலம். தமிழ் மட்டுமே அறிந்தவர் மொழிபெயர்ப்பாளர் வழியாகவே தம் வழக்கைக் கேட்கிறார். ஆகவே, நம் நீதிமன்றச் சொற்கள் எங்கிருந்து வந்தன, எவற்றைக் குறிக்கின்றன என்பதை அறிவது மாணவர்க்கும் பயனுடையது.

முதலில் ‘வழக்கு’ என்னும் சொல்லைக் காண்போம். ‘வழங்கு’ என்னும் வினையடியாகப் பிறந்த இச்சொல்லைத் தொல்காப்பியம் மக்களின் மொழிப் பயன்பாட்டைக் குறிக்க ஆள்கிறது. கண்ணகி பாண்டியன் அவையில் முறையிட்டதைக் கூறும் சிலப்பதிகாரப் பகுதி ‘வழக்குரை காதை’ எனப்படுகிறது. மதுரைக்காஞ்சியோ அறங்கூறவையத்தைக் குறிப்பிடுகிறது. நீதிமுறை பற்றிய சொற்கள் தமிழுக்குப் புதியவை அல்ல என்பதற்கு இவையே சான்று.

அடுத்த அடுக்கு, பாரசீகம் வழியாக வந்த அரபுச் சொற்களால் ஆனது. நவாபுகளின் ஆட்சியிலும் பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் நீதிமன்றங்களிலும் அவை வழங்கின. ‘வக்கீல்’ என்பதன் மூலப்பொருள் பிறர் சார்பாகச் செயற்படுபவர். ‘ஜாமீன்’ முதலில் பொறுப்பேற்கும் ஆளையே குறித்தது. ‘வாய்தா’ என்பதன் மூலப்பொருள் வாக்குறுதி. தமிழில் அது வழக்கு ஒத்திவைக்கப்படும் தவணையைக் குறித்தது.

இவற்றின் உறவுச் சொற்கள் மலாயிலும் உள்ளன. ‘வக்கில்’ அங்கே பிரதிநிதி, ‘ஜாமின்’ உத்தரவாதம். வடமொழி வழிவந்த நம் ‘சாட்சி’ மலாயில் ‘சக்சி’. நம் ‘தண்டம்’ அங்கே ‘டெண்டா’, அதாவது அபராதம். இந்நிலத்தில் குடியேறிய தமிழர்க்கு இச்சொற்கள் முற்றிலும் அந்நியமாக ஒலித்திருக்க மாட்டா.

மூன்றாவது அடுக்கு ஆங்கிலச் சட்டத்தோடு வந்தது. பினாங்கில் 1807ஆம் ஆண்டின் நீதிச் சாசனம் நீதிமன்றம் அமைத்தது. 1826ஆம் ஆண்டுச் சாசனம் அதன் அதிகாரத்தைச் சிங்கப்பூருக்கும் மலாக்காவுக்கும் விரித்தது. ‘ஜூரி’ என்ற சொல் இம்முறைக்கு உரியது. சிங்கப்பூர் ஜூரி முறையை நீக்கும் சட்டத்தை 1969இல் இயற்றியது; மலேசியா 1995இல் அம்முறையைக் கைவிட்டது. முறை மறைந்தும் சொல் எஞ்சி நிற்கிறது.

தமிழகத்தில் மாவட்ட முன்சீப்பாகப் பணியாற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 19ஆம் நூற்றாண்டிலேயே நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தந்தார். மக்களுக்கு விளங்காத மொழியில் வழக்கு நடப்பதையும் அவர் கண்டித்தார். வழக்கறிஞர், பிணை, ஒத்திவைப்பு, மேல்முறையீடு என இன்று நாம் எழுதுவது அந்நோக்கின் தொடர்ச்சியே.

எனினும் தமிழ்ச் சொல்லாக இருந்தால் மட்டும் போதாது. பொருள் பிரித்தறியப்பட வேண்டும். ‘விசாரணை’ என்ற ஒரு சொல்லையே காவல்துறையினர் வினவுவதற்கும், நீதிபதி முன் சாட்சியங்கள் ஆராயப்படுவதற்கும் பயன்படுத்துகிறோம். முன்னதைப் ‘புலன்விசாரணை’ என்றும் பின்னதை ‘வழக்கு விசாரணை’ என்றும் பிரித்தெழுதினால் குழப்பம் நீங்கும்.

பிணையில் வந்தவர் வழக்கிலிருந்து விடுபட்டவர் அல்லர். குறித்த நாளில் நீதிமன்றம் வரக் கடமைப்பட்டவர். ‘மேல்முறையீடு’ என்பது கீழ் நீதிமன்றத்தின் முடிவை உயர் நீதிமன்றம் மறுஆய்வு செய்யக் கோருவது.

இவை அனைத்தினும் கவனத்துக்குரியது ‘குற்றவாளி’ என்னும் சொல். காவல்துறை ஐயுறுபவர் ‘சந்தேக நபர்’. அவர்மீது முறைப்படி குற்றச்சாட்டு கொணரப்பட்டால் ‘குற்றம் சாட்டப்பட்டவர்’. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு நீதிமன்றம் அதனை ஏற்றாலோ, விசாரணையில் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டாலோ மட்டுமே ‘குற்றவாளி’. கைதான மறுநாளே ஒருவரைக் குற்றவாளி எனச் சுட்டுவது, நீதிபதி தராத தீர்ப்பை நாமே தருவதாகும். தமிழக நீதிமன்ற வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரை ‘எதிரி’ என்பதும் உண்டு. அச்சொல்லுக்குப் பகைவர் என்ற பொருளே மேலோங்கிய இக்காலத்தில் அதனைத் தவிர்ப்பதே நன்று.

ஆசிரியர்கள் ஒரு நாளிதழின் நீதிமன்றச் செய்தியை வகுப்பில் வைத்து, இம்மூன்று நிலைகளும் சரியாகச் சுட்டப்பட்டுள்ளனவா என மாணவர்களை ஆராயச் செய்யலாம். சொற்பொருள் கற்கும் அப்பயிற்சியிலேயே, தீர்ப்புக்கு முன் எவரையும் பழிக்கலாகாது என்ற நெறியையும் அவர்கள் கற்பார்கள்.