தேர்வீதியும் இசைத்தட்டும்

புதிதாக ஒலிக்கருவி வாங்கியவர், வந்தவர்களுக்கு முதலில் எந்தப் பதிவைப் போட்டுக்காட்டுவார்? அற்பமாகத் தோன்றும் இக்கேள்விக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. பெரும்பாலும் கருவி எதை நன்றாக ஒலிக்குமோ, அதையே மனிதர்கள் சிறந்த இசையென்று முன்வைத்திருக்கிறார்கள்.

1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரல் பதிவானபோது ஒலிவாங்கி கிடையாது; ஒரு கூம்புக்குழலுக்குள் பாடவேண்டும். மின்வழிப் பதிவு 1925இல் வரும்வரை உரத்த, உச்சஸ்தாயிக் குரல்களுக்கே மதிப்பு. தம்புராவின் கார்வை அதில் மங்கிப்போயிற்று. 1915 முதல் எடிசன் நிறுவனம் அமெரிக்க அரங்குகளில் பாடகியையும் கருவியையும் மாறிமாறி ஒலிக்கவைத்து, வேறுபாடு தெரிகிறதா என்று மக்களைக் கேட்டது. அவ்வாறு பாடிய அன்னா கேஸ், கருவியின் ஒலிக்கேற்பத் தம் குரலை மாற்றிக்கொண்டதைப் பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

தமிழகத்தில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டு பெரும்புகழ் பெற்றது. மணிக்கணக்கில் விரியும் அவருடைய ஆலாபனை, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடங்கள் என்ற அளவுக்குள் ஒடுங்கவேண்டியிருந்தது. பின்னர் ஸ்டீரியோ வந்ததும் ரசனையும் திசைமாறியது. இளையராஜாவின் 'பிரியா' (1978) பாடல்களில், இடமும் வலமுமாகப் பிரிந்து ஒலிக்கும் வாத்தியங்களே பேசுபொருளாயின.

புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் இதற்கு வேறோர் அளவுகோல் இருக்கிறது. திருக்காமீஸ்வரர் கோயில் தேரோட்டத்தில் பிரெஞ்சு ஆளுநர்களே வடம்பிடித்தது வழக்கம்; ஆட்சி மாறியபின்னும் அது தொடர்ந்தது. அங்கே கோகிலாம்பிகை, குயிலின் பெயர் கொண்டவள். வீதியில் ஒலிக்கும் நாகஸ்வரமும் தவிலும் திறந்தவெளிக்கென்றே உருவானவை. வலந்தலையில் விரற்கூடுகள் விழும் கணத்தின் வெடிப்பைச் சிறிய ஒலிபெருக்கி தாங்குவதில்லை. பல சமயம் பதிவிலேயே அது தணிக்கப்பட்டுவிடுகிறது.

ஆகவே கருவியைப் பெருமைப்படுத்த வேண்டுமானால் ஸ்டீரியோ பாடல்கள் போதும். அதைச் சோதிக்க வேண்டுமானால் ஒரு தவில் தனியாவர்த்தனத்தைப் போடவேண்டும். எது குறைகிறதென்று தேர்வீதியில் நின்ற காது உடனே சொல்லிவிடும். அங்கே நின்றிராதவர்கள், கருவி வாங்குமுன் ஒருமுறை வில்லியனூர் தேரோட்டத்துக்குப் போய்வரலாம்.